மீன் வந்த வழியில்

சின்னாறு

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே போகும் சாலை ஒன்பதாறு சோதனைச் சாவடியில் காட்டுக்குள் நுழைகிறது. ஆகஸ்ட் முதல் வாரம். கேரளத்தின் பெரும்பகுதி மழையில் ஊறிக் கிடந்தது. சின்னாற்றில் மட்டும் புழுதி பறந்தது. மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகள் மழை மேகத்தை மறித்துக்கொள்வதால் இந்தப் பக்கம் முள்மரமும் கள்ளியுமாகக் காடு வளர்ந்திருக்கிறது. 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த 90 சதுர கிலோமீட்டருக்குள் நட்சத்திர ஆமையும் சாம்பல் அணிலும் யானையும் காட்டெருமையும் வாழ்கின்றன. காட்டின் நடுவே ஓடும் பாம்பாறு, கேரளத்து ஆறுகளில் அரிதாகக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து தமிழ்நாட்டின் அமராவதி அணையில் சேருகிறது.

நான் நாகப்பட்டினத்துக்காரன். மீன் ஏலத்தின் கூச்சலில் வளர்ந்தவன். காட்டில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டியிருந்தது. சின்னாற்றில் அந்த ஆள், பக்கத்துக் குடியைச் சேர்ந்த முதுவர் பழங்குடி இளைஞர். வனத்துறைக்காகக் காவலுக்கும் போகிறார், பயணிகளுக்கு வழியும் காட்டுகிறார். ஆற்றோரமாக நடந்தபோது ஈர மணலில் குனிந்து ஒரு தடத்தைக் காட்டினார். பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் தட்டு அளவு வட்டம் ஒன்று.

“நேத்து ராத்திரி ஆனை தண்ணி குடிச்சுட்டு மேல ஏறியிருக்குங்கண்ணா. குட்டியும் கூட இருந்திருக்கு.”

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டார். அடுத்த வளைவில் நீர்மருது மரத்தின் உச்சியில் சாம்பல் அணிலின் கூடு. அதற்கும் ஒரு வரி. மாதக் கடைசியில் எல்லாக் காவலர்களின் நோட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் நடமாட்டம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தெரியுமாம்.

“நீங்க போகாத நாள்ல?” என்று கேட்டேன்.

“போகாத நாள்ல என்ன நடந்துதுன்னு யாருக்கும் தெரியாதுங்கண்ணா. அதனாலதான் போறோம்.”

மறையூர்

சின்னாற்றிலிருந்து ஏறும் சாலை மறையூரை நெருங்கும்போது கரும்புத் தோட்டங்கள் தொடங்குகின்றன. நடுநடுவே ஓலைக் கொட்டகைகளிலிருந்து புகை எழுகிறது. ஒரு கொட்டகைக்குள் போனோம். அகன்ற கொப்பரையில் கரும்புச்சாறு கொதித்துக் குழைந்துகொண்டிருந்தது. மரத்தொட்டியில் கொட்டி ஆறவிட்டதை, உள்ளங்கையின் ரேகை பதியப் பதிய உருட்டினார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையில் வாங்கிய உருண்டை இன்னும் சூடாக இருந்தது. இனிப்புக்கு அடியில் மெல்லிய உப்புச் சுவை.

நாச்சிவயல் பக்கம் சாலையோரமாக நீளும் கம்பி வேலிக்கு அப்பால் சந்தனக் காடு. கேரளத்தில் சந்தனக் காடு என்றாலே மறையூர்தான். பார்க்க எளிய மரங்கள். ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் கிளை, கறுத்த பட்டை. ஆனால் அவற்றுக்கு இருக்கும் காவல் எளியதல்ல. இரவும் பகலும் முறை போட்டு ரோந்து சுற்றுகிறார்கள். காவலர்களில் சுற்றுவட்டாரக் குடிகளைச் சேர்ந்த பழங்குடி மக்கள் பலர். பச்சை மரத்தை வெட்டுவதில்லை. காய்ந்தும் சாய்ந்தும் போனவற்றை மட்டும் வேரோடு எடுத்து, டிப்போவில் செதுக்கித் தரம் பிரித்து, எடை போட்டு ஏலம் விடுகிறார்கள். ஒரு சந்தனத்துண்டு எந்தக் காட்டிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்பதற்கு எழுத்தில் பதில் இருக்கிறது. திருட்டு முற்றிலும் நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மரம் காணாமல் போனால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

வேலியோரம் நின்றபோது எனக்கு எங்கள் ஊர்த் துறைமுகம்தான் நினைவில் வந்தது. அங்கே விடியற்காலையில் வந்து குவியும் மீனுக்கு எடை உண்டு, விலை உண்டு. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், வேறு எவற்றோடு சேர்ந்து அது பிடிபட்டது என்பதற்கு எங்கும் எழுத்து கிடையாது.

காந்தலூர்

மறையூருக்கு மேலே, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் காந்தலூர். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. இவர்களின் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ்தான் பேச்சு. கடைப்பலகையில் மலையாளம், கடைக்காரர் வாயில் தமிழ், பேருந்தில் இரண்டும் கலந்தது. 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமமாக இதைத் தேர்ந்து தங்கப் பிரிவில் விருது கொடுத்தது.

படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் காரட்டும் பீன்ஸும். வீட்டைச் சுற்றி ஆப்பிள் மரங்கள், கைக்கெட்டும் உயரத்தில் காய்கள். நாங்கள் தங்கிய வீட்டு அக்கா அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பல் சின்னது, வாசனை காட்டமானது. உரித்த தோல் காற்றில் பறந்தும் விரலில் ஒட்டிய மணம் நாள் முழுக்கப் போகவில்லை. எந்தப் பாத்தியில் விளைந்தது, எந்த மழைக்கு முன்னால் பிடுங்கியது என்று அக்காவுக்குத் தெரியும். “மேல்பாத்திப் பூண்டுதான் குழம்புக்கு நல்லாருக்கும், கீழ்பாத்தி தண்ணி குடிச்சுருச்சு” என்றார்.

காலையில் ஹாரன் சத்தம் கேட்டது. மலைச்சாலையில் பைக்கில் மீன்காரர். பின்னால் கட்டிய பெட்டியைத் திறந்தார். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே மத்தி. முனம்பம் துறைமுகத்துச் சரக்கு என்றார். ராத்திரியோடு ராத்திரியாக மூணாறு வழியாக வண்டி ஏறி வந்ததாம். அக்கா ஒரு கிலோ வாங்கினார். அதில் பாதி மீன்கள் என் நடுவிரல் நீளம்கூட இல்லை.

“இவ்வளவு சின்னதா பிடிக்கிறாங்களா?” என்றேன்.

“லேலத்துல கிடைச்சது இதுதான் சாரே. எங்கேருந்து புடிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

குடம்புளி போட்டு அக்கா வைத்த குழம்பு அருமையாக இருந்தது. மேல்பாத்திப் பூண்டு அதில் தனியாக மணந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகும் மீன்காரரின் கேள்வி எனக்குள் நின்றது. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அயிலைக்கு 14 சென்டிமீட்டர். 2017-க்குள் 58 வகை மீன்களுக்கு இப்படி அளவு நிர்ணயித்தார்கள். அதற்கு வலுவான காரணம் இருந்தது. 2012-இல் கேரளத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கரை சேர்ந்தது. 2021-இல் வெறும் 3,297 டன். 1994-க்குப் பிறகு அவ்வளவு குறைந்த ஆண்டு இல்லை. 2023-இல் மீண்டும் 1.38 லட்சம் டன்னாக ஏறியது. கடல் நீரின் வெப்பம், மழை, இரை என்று மத்தியின் ஏற்ற இறக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குஞ்சு மீனை அள்ளுவது மனிதர் கையில் உள்ள காரணம். ஆனால் வலைக்குள் எவ்வளவு குஞ்சு விழுந்தது, எவ்வளவு திரும்பக் கொட்டப்பட்டது என்று யார் பார்த்தார்கள்? பூண்டின் பாத்தியைச் சொல்ல முடிந்த ஊரில் மீனின் பாத்தியைச் சொல்ல ஆளில்லை. அது வந்த வழியிலேயே கீழே இறங்கிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

மூணாறு

மறையூரிலிருந்து தென்மேற்கே ஏற ஏற வெயில் மங்கி, தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ராஜமலையில் மூடுபனிக்குள் வரையாடுகள் பாறை மேல் அசையாமல் நின்றன. உலகிலேயே பெரிய வரையாட்டுக் கூட்டம் ராஜமலையை உள்ளடக்கிய இந்த இரவிகுளத்தில்தான் இருக்கிறது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. அதற்கும் முன்பு இது தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக் காடு. வேட்டை விலங்கு அற்றுப்போகக் கூடாதென்று 1928-இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். காவலுக்கு முதுவர்களை வைத்தார்கள்.

அந்த ஏற்பாட்டின் நோக்கம் துரைமார்களின் பொழுதுபோக்குதான். ஆனாலும் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. காட்டில் யார் எந்தப் பாதையில் வருவார்கள், ஆடு எப்போது எந்தப் புல்வெளிக்கு இறங்கும் என்று அறிந்தவர் கையில் காவலைக் கொடுத்தார்கள். நகரத்திலிருந்து துப்பாக்கியோடு அனுப்பப்பட்ட காவலர் சாலையோரத்தோடு நின்றிருப்பார். முதுவர் நடந்தார். வரையாடு பிழைத்தது.

பூங்கா வாசலில் தேநீர் விற்ற பெரியவர், “மழையில ஆடு கிட்ட வரும், வெயில்ல மேல போயிரும், எங்க அப்பா காலத்துலருந்தே அப்படித்தான்” என்றார். அப்பாவும் காவலரா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்து, பாலை ஆற்றிக் கொடுத்தார்.

அங்கிருந்து அடிமாலி, நேரியமங்கலம். பெரியாற்றின் மேல் கட்டிய பழைய வளைவுப் பாலத்தைக் கடந்ததும் மலை பின்தங்கி, ரப்பர் தோட்டங்களும் தேவாலயங்களுமாகச் சமவெளி விரிந்தது. மழை மட்டும் கூடவே வந்தது.

முனம்பம்

வைப்பின் தீவின் வடமுனையில், பெரியாற்றின் கிளை கடலில் கலக்கும் வாயில் முனம்பம் துறைமுகம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும் இழுவலைத் தடை 52 நாள் நீடித்து ஜூலை 31-இல் முடியும். பாரம்பரிய மீனவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1988-இல் வந்த தடை அது. நாங்கள் போனபோது படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியிருந்தன. புதிதாகப் பூசிய நீலமும் சிவப்பும் உப்பில் இன்னும் மங்கவில்லை. மேடை முழுக்கக் கிளிமீனின் இளஞ்சிவப்புக் குவியல், அதற்கப்பால் கணவாய், கரிக்காடி இறால். ஐஸ் அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே ஏலக்காரரின் குரல். மழை பெய்தாலும் யாரும் ஒதுங்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் மரப்பலகையோடு உட்கார்ந்திருந்தார். மீன்வளக் கணக்கெடுப்புப் பணியாளர். பலகையின் ஒரு முனையில் தடுப்பு, நடுவில் அளவுகோல். ஒரு கிளிமீனை எடுத்து மூக்கைத் தடுப்பில் முட்டவைத்து, வாலை விரலால் நீவி விரித்து, வால் நுனி தொடும் கோட்டைப் படித்தார். 13. அடுத்தது 11. கேரளத்தில் கிளிமீனுக்கு அளவு 12. எண்ணைத் தாளில் எழுதிவிட்டு மீனைக் கூடையில் திரும்பப் போட்டார். ஒவ்வொரு மீனுக்கும் சில நொடி. பலகையின் மேல் செதில்கள் படிந்து, கோடுகளை மறைக்கும்போதெல்லாம் துணியால் துடைத்தார்.

இந்தியாவின் கடல்மீன் கணக்கு இப்படித்தான் உருவாகிறது. 1947-இல் தொடங்கி, மண்டபத்திலிருந்து 1971-இல் கொச்சிக்கு இடம்பெயர்ந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நாட்டின் கடலோரத்தை மண்டலங்களாகப் பிரித்து, மாதிரி எடுத்து, இறங்குதளங்களில் ஆளை நிறுத்தி மதிப்பிடுகிறது. முதல் நாள் நண்பகலிலிருந்து மாலைவரை, மறுநாள் காலையிலிருந்து நண்பகல்வரை பணியாளர் துறையில் இருப்பார். இடைப்பட்ட இரவில் இறங்கியதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். 2023-இல் இந்தியாவில் 35.3 லட்சம் டன் கடல்மீன் கரையேறியது என்று நாம் அறிவது இந்த மரப்பலகைகளின் தயவில்தான். வளரும் நாடுகளில் இவ்வளவு நீண்ட, நேர்த்தியான கணக்கு அரிது. அந்தப் பணியாளர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

“வலைல விழுந்ததெல்லாம் இங்க வருமா?” என்று அவரிடம் கேட்டேன்.

“கரைக்கு வர்றதை நான் அளக்குறேன். கடல்ல போனதைப் படகு ஓட்டுற ஸ்ராங்கு சொன்னாத்தான் உண்டு.”

எல்லாச் சிக்கலும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. நாள்கணக்கில் கடலில் தங்கும் இழுவலைப் படகில் ஐஸ் அறையின் இடம்தான் தீர்ப்பு சொல்லும். முதல் நாட்களில் விழும் மலிவு மீனுக்கு அங்கே இடமில்லை. செத்ததும் சாகாததுமாகக் கடலுக்கே திரும்பும். கடைசி நாட்களில் விழும் அதே மீன் கரைக்கு வந்து தீவனத்துக்கும் உரத்துக்கும் போகும். எங்கள் ஊரில் இதைச் சங்காயம் என்போம். துறைமுகச் சாலையோரம் காயப்போட்டிருக்கும் அந்தக் குவியலுக்குள் நாளைக்கு வளர வேண்டிய வஞ்சிரமும் பாரையும் விரல் நீளத்தில் கிடக்கும். மங்களூர்ப் படகுகளிலிருந்து கடலில் கொட்டப்படுவதைப் படகுக்காரர்களின் உதவியோடு ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிச் சில ஆய்வுகளைத் தவிர, கொட்டப்பட்ட மீனுக்கு நம்மிடம் தொடர்ச்சியான கணக்கு இல்லை.

ஆமையின் கதையும் இதுதான். இழுவலையில் சிக்கும் கடலாமை வெளியேற ஒரு கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்தலாம். அது இல்லையென்பதால் 2019-இல் இந்தியாவின் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ற சட்டத்தை வடிவமைத்திருக்கிறது. சட்டம் வலையில் இருக்கிறதா என்று துறைமுகத்தில் நின்றே பார்த்துவிடலாம். கடலில் அதன் வாய் திறந்திருந்ததா, கயிற்றால் தைத்து மூடியிருந்ததா என்பதைக் கூடவே போனவர்தான் பார்க்க முடியும்.

தோப்பும்படி

கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் தமிழ் கேட்கிறது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் இங்கேதான் மீன் இறக்குகின்றன. சூறையையும் சுறாவையும் தேடி வாரக்கணக்கில், சில நேரம் மாதத்துக்கு மேலும், இவர்கள் இந்தியக் கடல் எல்லைக்கும் அப்பால் போய்வருகிறார்கள். இந்தியாவின் ஆழ்கடல் தொழிலில் இவர்களுக்கு இணையான கை கிடையாது.

ஒரு படகின் ஸ்ராங்கு மேலே ஏறிவரச் சொன்னார். ஐம்பதைத் தொட்டவர். ஓட்டும் அறைக்குப் பின்னால் ஆட்கள் படுக்கும் இடத்தைக் காட்டினார். நிமிர்ந்து உட்கார முடியாத உயரத்தில் இரண்டு அடுக்குப் பலகைகள், தலைமாட்டில் வேளாங்கண்ணி மாதா படம், கயிற்றில் தொங்கும் சட்டைகள். பன்னிரண்டு பேர் இதற்குள் உறங்கி எழுந்து ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். அடுப்படியில் சூறை மீனைப் புளி விட்டுக் கொதிக்கவைத்திருந்தார்கள். தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்துக் கொடுத்தார் சமையல்காரப் பையன். காந்தலூர் அக்காவின் குழம்புக்கும் இதற்கும் புளியே வேறு. இதில் கடலின் உப்பு தூக்கலாக இருந்தது.

படகுக்கு ஒரு பார்வையாளர் ஏறிவந்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எந்த இடத்தில் வலை போட்டார்கள், என்ன விழுந்தது, எது திரும்பப் போனது என்று எழுத மட்டும் ஒருவர்.

“வரட்டும் சார். நாங்க படுக்கிற பலகையில படுக்கணும், நாங்க குடிக்கிற கஞ்சியக் குடிக்கணும். கடல் குமட்டுதுன்னு மூணாம் நாளு கரைக்கு விடச் சொன்னா டீசல் காசு யாரு தருவா?” கொஞ்சம் நிறுத்தி மேலும் சொன்னார்: “எழுதுறது எங்க தலையில மட்டும் விழக் கூடாது. டீகோ கார்சியா தீவுப் பக்கம் எங்க படகப் பிடிச்சுட்டுப் போறான். எல்லையத் தாண்டலன்னு நாங்க சொன்னா யாரு நம்புவா? கூட ஒருத்தர் இருந்து எழுதிவச்சிருந்தா எங்களுக்கும் அது சாட்சிதானே?”

பக்கத்தில் தூண்டில் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர் தலை நிமிராமலே சொன்னார்: “ஒக்கி நேரத்துல எத்தனை படகு எங்க கிடக்குன்னு கரையில யாருக்கும் தெரியல.” 2017 நவம்பர் 30. அந்தப் புயலில் இந்தக் கிராமங்கள் இழந்த உயிர்கள் ஏராளம். அதன் பிறகுதான் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. கடலில் நம் படகுகளைப் பார்க்காமல் விட்டதற்கு மீனைவிடப் பெரிய விலையை இவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

உலகின் பல கடல்களில் இந்தப் பார்வையாளர் முறை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பசிபிக்கின் மேற்கு, நடுப் பகுதியின் வெப்பமண்டலக் கடலில் சூறை பிடிக்கும் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் எல்லாவற்றிலும் 2010 முதல் பார்வையாளர் ஒருவர் கட்டாயம். அவர்களில் பெரும்பாலோர் கிரிபாட்டி, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் போன்ற அந்தப் பகுதி நாடுகளின் இளைஞர்கள். தங்கள் கடலில் அந்நியக் கப்பல்கள் என்ன செய்கின்றன என்பதற்கு அந்த நாடுகளின் கண் இவர்களே. தென்துருவக் கடலிலும் 1992 முதல் பன்னாட்டுப் பார்வையாளர் ஏற்பாடு இருக்கிறது. நீள்தூண்டிலில் சிக்கி ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த அல்பட்ராஸ் பறவைகளைக் காக்க, தூண்டிலை இரவில் இறக்குவது, கனம் கட்டி விரைவாக மூழ்கவைப்பது போன்ற விதிகள் வந்தன. அவை கடைப்பிடிக்கப்படுவதைப் படகில் இருந்தவர்கள் நாள்தோறும் எழுதினார்கள். தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சுற்றிய கடலில் இந்தச் சாவு ஏறக்குறைய நின்றேபோனது.

நம் இந்தியப் பெருங்கடலுக்கும் விதி இருக்கிறது. இந்தியா உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூறை ஆணையத்தின் தீர்மானப்படி, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளும், அதைவிடச் சிறியவையானாலும் தங்கள் நாட்டு எல்லைக்கு வெளியே பிடிக்கும் படகுகளும் குறைந்தது 5 சதவீத நடவடிக்கைகளில் பார்வையாளரை ஏற்ற வேண்டும். தோப்பும்படியில் நான் நின்றிருந்த படகும் எல்லை தாண்டிப் போகும்போது இந்த விதிக்குள் வந்துவிடும். பல உறுப்பு நாடுகள் இந்த 5 சதவீதத்தை இன்னும் எட்டவில்லை. அதே ஆணையம் நீள்வால் சுறாவைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, உயிரோடு விட வேண்டும் என்கிறது. விட்டார்களா என்று கரையிலிருந்து கண்டறிய வழியே இல்லை.

இந்த வேலையின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2015 செப்டம்பரில் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலில், விக்டோரியா எண் 168 என்ற கப்பலிலிருந்து கீத் டேவிஸ் என்ற அமெரிக்கப் பார்வையாளர் காணாமல் போனார், கிடைக்கவேயில்லை. 2020 மார்ச்சில் கிரிபாட்டியைச் சேர்ந்த எரிட்டாரா ஆத்தி கயெருவா, வின் ஃபார் எண் 636 என்ற தைவான் கப்பலில் தன் அறையில் இறந்து கிடந்தார். நடுக்கடலில் தனியொருவர், சுற்றிலும் அவர் எழுதுவதால் நட்டப்படக்கூடிய ஆட்கள். அவசரத் தகவல் கருவியும் காப்பீடும், கரையில் அவர் குரலுக்காகக் காத்திருக்கும் அலுவலகமும் இல்லாமல் ஒருவரையும் அங்கே அனுப்பக் கூடாது. ஆளுக்குப் பதில் கேமரா வைக்கும் நாடுகளும் உண்டு. பெரிய கப்பல்களுக்கு அது உதவுகிறது. ஆனால் கேமரா மீனின் வயிற்றைக் கீறிப் பார்க்காது, வலையை ஏன் இங்கே போட்டீர்கள் என்று கேட்காது, கேட்டதை விளங்கிக்கொள்ளாது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பாகிஸ்தானில் இருக்கிறது. கராச்சியின் சூறைப் படகுகள் நம் தூத்தூர்ப் படகுகளைப் போன்றவையே. வெளியாள் ஏற இடமில்லாதவை. அங்கே 2012 முதல் உலக இயற்கை நிதியத்தின் பாகிஸ்தான் கிளை, படகோட்டிகளுக்கே பயிற்சி கொடுத்து அவர்களையே பார்வையாளராக்கியது. செவுள்வலையில் ஓங்கில்களும் ஆமைகளும் எவ்வளவு சிக்குகின்றன என்பது அவர்கள் குறிப்புகளில்தான் வெளிப்பட்டது. வலையைத் தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் கீழே இறக்கிப் போட்டால் ஓங்கில் சிக்குவது பெரிதும் குறைகிறது என்பதும் அங்கேதான் உறுதியானது. குஜராத்தில் வலையில் விழுந்த திமிங்கலச் சுறாவை விடுவிக்கும் மீனவர்கள் அதைத் தாங்களே படம் எடுத்து அனுப்பி, அறுத்த வலைக்கு இழப்பீடு பெறுகிறார்கள். காட்டை அறிந்தவர் கைக்கே காவல் வந்ததை ராஜமலையில் கேட்டேன். கடலிலும் அதுவே நடந்திருக்கிறது.

எனவே நம் படகுகளுக்கு வேண்டிய பார்வையாளர் எங்கிருந்து வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடல் அவர்களுக்குக் குமட்டாது. எந்த மீன் குஞ்சு, எந்தச் சுறா எது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அளவுப்பலகை பிடிக்கவும் குறிப்பெழுதவும் பயிற்சி தரக் கொச்சியிலேயே நிறுவனங்கள் உண்டு. கப்பலோட்டிகளை உருவாக்கும் மத்திய மீன்வளக் கப்பலோட்டல், பொறியியல் பயிற்சி நிறுவனம் 1963 முதல் இங்கே நடக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சிறப்புப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகள் இயந்திரப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்து, கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தருகின்றன. ஒளிவிளக்கு மீன்பிடிப்பையும் இரட்டை இழுவலையையும் தடை செய்கின்றன. எழுத்தில் இருக்கும் இந்தத் தடைகள் கடலில் பிழைப்பதற்கு அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.

எல்லாப் படகிலும் ஆள் ஏற்ற முடியாது, தேவையுமில்லை. இருபது பயணத்தில் ஒன்றில் ஏற்றினால் போதும். அந்த ஒருவருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வரட்டும்; படகு முதலாளியிடம் அவர் கை நீட்டக் கூடாது. அவருக்கான சோற்றுச் செலவும் டீசல் இழப்பும் படகுக்குக் கிடைக்கட்டும். அவர் எழுதியதைக் கரையேறியதும் முதலில் அந்தப் படகின் ஆட்களுக்கே வாசித்துக் காட்டட்டும். அபராதம் போட அதைப் பயன்படுத்துவதற்கு முன், மத்தி ஏன் வற்றியது, சுறா எங்கே குட்டி போடுகிறது, எந்த மாதம் எந்த ஆழத்தை விட்டுவிட வேண்டும் என்று கண்டறியப் பயன்படுத்தட்டும். அந்த ஸ்ராங்கு கேட்ட நம்பிக்கை அப்போதுதான் பிறக்கும். மலைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே இந்த நியாயத்தைச் செய்தோம், குறையோடுதான் என்றாலும். அங்கே மரமும் ஆடும் இன்றும் நிற்பது அதனால்தான். கடலுக்கும் அதைச் செய்ய ஆளும் அறிவும் இந்தக் கரையிலேயே இருக்கின்றன. இனி வேண்டியது அரசாணை ஒன்றும், அதற்கு ஒதுக்கப்படும் பணமும்தான்.